சபர் சென்றவரும் திரும்பி வந்தவரும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தை ஒட்டி நமது பள்ளிவாசலில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

அல்லாஹ்வைப் புகழ்ந்து, அவனது தூதர் மீது ஸலவாத்துச் சொல்லி இவ்வுரையைத் தொடங்குகிறோம்.

நமது மஹல்லாவில் சபர் செல்லாத குடும்பம் அரிது. ஒரு காலத்தில் பர்மாவும் மலாயாவும் இலங்கையும் நம்மவரை அழைத்தன. பின்னர் வளைகுடா அழைத்தது. ஆகவே, வாலிபர்களுக்கு அறிவுரை சொல்லும் இவ்வேளையில், சபர் சென்ற ஒரு வாலிபரின் வரலாற்றையே எடுத்துரைப்பது பொருத்தம் என எண்ணினோம். அவர் நம் ஊரார் அல்லர். ஆனால் நமது தமிழ் மண்ணில் கால் பதித்தவர். அவர்தாம் இப்னு பதூதா.

மொரோக்கோ நாட்டின் வடமுனையில், கடலோரம் அமைந்த தன்ஜா எனும் ஊரில் 1304-ஆம் ஆண்டு அவர் பிறந்தார். காழிகளைத் தந்த குடும்பம். மாலிக்கி மத்ஹபின் சட்டக் கல்வி பயின்றவர். 1325-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், தமது 21-ஆம் வயதில், ஹஜ்ஜு செய்யும் நிய்யத்துடன் வீட்டை விட்டுப் புறப்பட்டார். உடன் செல்லத் துணையில்லை. சேர்ந்துகொள்ளக் காஃபிலாவும் இல்லை. தாய் தந்தையர் இருவரும் அப்போது உயிருடன் இருந்தனர். அவர்களைப் பிரிவது தமக்கும் அவர்களுக்கும் எவ்வளவு துயரமாக இருந்தது என்பதை முப்பது ஆண்டுகள் கழித்துத் தமது பயண நூலைச் சொல்லி எழுதுவித்தபோதும் அவர் மறக்கவில்லை.

புறப்பட்ட சில வாரங்களில் காய்ச்சல் கண்டது. வழியில் தங்கி இளைப்பாறுமாறு உடன் வந்தோர் கூறினர். அவர் இசையவில்லை. சேணத்திலிருந்து விழுந்துவிடாதிருக்கத் தலைப்பாகைத் துணியால் தம்மைக் கட்டிக்கொண்டு பயணத்தைத் தொடர்ந்தார். அந்நிலையில் காஃபிலா தூனிஸ் நகரை அடைந்தது. ஊரார் திரண்டு வந்து தத்தமக்கு வேண்டியவர்களுக்கு ஸலாம் கூறி நலம் விசாரித்தனர். அவரை அறிந்தவர் அங்கு எவருமில்லை. எனவே அவருக்கு ஒருவரும் ஸலாம் கூறவில்லை. தனிமை தாங்காது அவர் அழுதார். அதைக் கவனித்த ஒரு ஹாஜி அருகில் வந்து ஸலாம் கூறி, ஊருக்குள் நுழையும் வரை பேசிக்கொண்டே உடன் வந்தார்.

அன்புச் சகோதரர்களே! இதைச் சற்றே சிந்தியுங்கள். உலகத்தையே சுற்றிவந்த மனிதருக்கு மன்னர்கள் பட்டாடையும் பொன்னும் குதிரையும் கொடுத்தார்கள். ஆயினும், தம்மை அறியாத ஊரில் ஒரு மனிதர் தமக்குச் சொன்ன ஸலாத்தையும் அவர் அவற்றோடு சேர்த்துப் பதிவு செய்தார். துபையிலோ ரியாதிலோ கோலாலம்பூரிலோ நம் ஊர் வாலிபன் முதன்முதலாக இறங்கும் இரவில், அங்கே முன்பே இருக்கும் நம்மவர் ஒருவர் சென்று அவனைப் பார்ப்பது அத்தகைய ஸலாம்தான். அதற்குச் செலவு சிறிது. அதன் நினைவோ ஆயுள் முழுமைக்கும்.

இப்னு பதூதா 1326-ஆம் ஆண்டு முதல் ஹஜ்ஜை நிறைவேற்றினார். நிய்யத்து நிறைவேறியது. ஆனால் அவர் வீடு திரும்பவில்லை. இராக், பாரசீகம், எமன், கிழக்கு ஆப்பிரிக்காவின் மொகதிஷு, கில்வா, பிறகு இன்றைய துருக்கி என்று பயணம் நீண்டது. துருக்கி நாட்டில் ‘அகீ’ எனப்படும் வாலிபர் கூட்டத்தாரை அவர் கண்டார். கைத்தொழில் செய்யும் இளைஞர்கள் பகலெல்லாம் உழைத்து, மாலையில் தம் வருவாயைக் கொண்டுவந்து பொது இல்லத்தில் சேர்ப்பார்கள். அதில் உணவு சமைத்து, ஊருக்கு வந்த முஸாபிர்களுக்கு அளித்துத் தாமும் உண்பார்கள். இன்று தெனிஸ்லி எனப்படும் ஊரில், இரு கூட்டத்தார் அவருடைய குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு சச்சரவிட்டனர். அவர்களது மொழி அறியாத இப்னு பதூதா, கொள்ளையர் என்று அஞ்சினார். பிறகுதான் தெரிந்தது, தம்மை விருந்தாளியாக அழைத்துச் செல்லும் உரிமை யாருக்கு என்பதே சச்சரவு என்று! சீட்டுக் குலுக்கித் தீர்த்துக்கொண்டார்களாம். வாலிபர் சங்கம் என்றால் எப்படியிருக்க வேண்டும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று நமக்குத் தேவையில்லை.

1333-ஆம் ஆண்டு செப்டம்பரில் சிந்து நதிக்கரையை அடைந்து, பின்பு தில்லி சென்றார். சுல்தான் முஹம்மது பின் துக்ளக் அவரைத் தில்லியின் காழியாக நியமித்து, ஆண்டுக்கு 12,000 தீனார் ஊதியமும் வழங்கினார். இது இன்றைய மொழியில் சொன்னால் பெரிய கம்பெனியில் பெரிய வேலை. ஆனால் அதன் மறுபக்கத்தையும் அவரே மறைக்காமல் கூறியுள்ளார்.

முதலாவது, மொழி. தில்லி அரசவையின் மொழி பாரசீகம், மத்ஹபோ ஹனஃபி. இவர் அரபு பேசும் மாலிக்கி. ஆதலால் துணைக் காழிகள் இருவரைச் சுல்தான் அமர்த்த வேண்டியதாயிற்று. இரண்டாவது, கடன். சுல்தானைக் காண வருவோர் காணிக்கை கொண்டுவர வேண்டும். சுல்தான் அதனினும் பன்மடங்கு திருப்பித் தருவார். இதை நம்பி வணிகர்கள் புதிதாக வருவோருக்குக் கடன் கொடுப்பர். இவ்வாறும் பெருவாழ்வுச் செலவாலும் இவரது கடன் 55,000 தீனாராயிற்று. கொடுத்தவர்கள் நெருக்கினர். சுல்தானைப் புகழ்ந்து கவிதை பாடி, அவரைக் கொண்டே கடனை அடைக்க வேண்டிய நிலை வந்தது. பெரிய ஊதியம் பெறுபவர் என்பதால் கடனில்லாதவர் என்று பொருளாகாது. நம் ஊரிலும், சபர் சென்றவன் முதல் இரண்டாண்டுகள் விசாவுக்கு வாங்கிய கடனுக்காகவும், அடுத்த ஆண்டுகள் வீடு கட்டிய கடனுக்காகவும், அதற்கடுத்த ஆண்டுகள் தங்கையின் திருமணக் கடனுக்காகவும் உழைப்பதை நாம் காண்கிறோம். கடனாளியின் ஜனாஸாவுக்கு, அக்கடனுக்குப் பொறுப்பேற்க ஒருவர் முன்வரும் வரை, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தாமே தொழவைக்கத் தயங்கிய செய்தியை நீங்கள் அறிவீர்கள்.

மூன்றாவது, அச்சம். சுல்தானின் கோபத்துக்கு ஆளான ஒரு ஷைகைச் சந்தித்தார் என்பதற்காக, இவர் மீது காவலர் நால்வர் நிறுத்தப்பட்டனர். அவ்வாறு காவல் வைக்கப்பட்டவர் தப்புவது அரிது. ஐந்து நாள்கள் நோன்பு நோற்று, திக்ரிலும் ஓதுதலிலும் கழித்தார். அந்த ஷைகு கொல்லப்பட்டார், இவர் விடுவிக்கப்பட்டார். அதன்பின் உள்ளதையெல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, ஒரு துறவியின் இருப்பிடத்தில் சென்று தங்கினார். பிறருடைய ஆட்சியில், பிறருடைய தயவில் வாழும் அந்நியனின் நிலை இதுவே. இன்று முதலாளியிடம் கடவுச்சீட்டைக் கொடுத்துவிட்டு, கேட்கவும் முடியாமல் திரும்பவும் முடியாமல் தவிக்கும் வாலிபனுக்கு இந்த அச்சத்தை விளக்கத் தேவையில்லை.

பிறகு சுல்தான் அவரைச் சீன நாட்டுக்குத் தூதராக அனுப்பினார். காணிக்கைப் பொருள்களுடன் கோழிக்கோடு வந்தார். ஜும்ஆ தொழுகைக்காக அவர் கரையில் தங்கியிருந்த வேளையில் புயல் எழுந்தது. காணிக்கை ஏற்றிய மரக்கலம் உடைந்தது. அவருடைய உடைமைகளை ஏற்றிய கலமோ அவரை விட்டுவிட்டுப் பாய் விரித்துச் சென்றுவிட்டது. எஞ்சியவை பத்துத் தீனாரும், படுக்கும் விரிப்பும்! தில்லியின் காழியாக இருந்தவர் ஒரே நாளில் வெறுங்கையர் ஆனார். மாலத்தீவு சென்று அங்கும் காழியாகப் பணியாற்றி, பின் இலங்கை சென்று பாவா ஆதம் மலையில் ஏறி, அங்கிருந்து புறப்பட்ட கப்பலும் சிதைந்து, நமது மஅபர் கரையில் ஒதுங்கினார்.

அப்போது மதுரையில் சுல்தான்கள் ஆட்சி நடந்தது. சுல்தான் கியாஸுத்தீன் தாமகானி இவருக்கு உறவினர். இருவரும் அக்காள் தங்கையரை மணந்தவர்கள். ஆயினும், பிடிபட்ட மக்களையும் அவர்களின் பெண்களையும் குழந்தைகளையும் அந்தச் சுல்தான் கொன்ற கொடுமையை இவர் கண்டார்; வேறெந்த மன்னரிடமும் காணாத இழிசெயல் என்று கண்டித்து எழுதுவித்தார். உறவினர், ஒரே மார்க்கத்தார், விருந்தளித்தவர் என்பதற்காக உண்மையை மறைக்கவில்லை. சபர் சென்று திரும்புகிறவர் ஊருக்குக் கொண்டுவர வேண்டியவற்றுள் இதுவும் ஒன்று: கண்டதைக் கண்டபடி கூறும் நேர்மை.

மதுரையில் கொள்ளை நோய் பரவியிருந்தது. இவரும் கடுங்காய்ச்சலில் விழுந்து, சாவு நெருங்கிவிட்டது என்றே எண்ணினார். அவ்வேளையில் இம்மண்ணில் நிறையக் கிடைக்கும் புளியைப் பயன்படுத்த மனத்தில் தோன்றியது. ஏறத்தாழ ஓர் இராத்தல் புளியை நீரில் கரைத்துக் குடித்தார். மூன்று நாள்கள் வயிறு இளகிப் பின் அல்லாஹ் குணமளித்தான் என்கிறார். தாயும் மனைவியும் அருகில் இல்லாத இடத்தில், தமக்குத் தாமே புளியைக் கரைத்துக் குடித்துப் பிழைத்த அந்த மனிதரை நினைக்கும்போது, பத்துப் பேர் தங்கும் அறையில் காய்ச்சலுடன் சுருண்டு கிடந்து, வீட்டுக்குப் பேசும்போது ‘நல்லா இருக்கேன் உம்மா’ என்று சொல்லும் நம் பிள்ளைகளின் முகம் நமக்குத் தெரிகிறது.

இனி, தாய்மார்களும் வாலிபர்களும் சிறப்பாகக் கேட்க வேண்டிய பகுதி.

இப்னு பதூதா சென்ற இடங்களில் திருமணம் செய்தார். பிள்ளைகள் பிறந்தன. திமிஷ்கில், அதாவது டமாஸ்கஸில், கருவுற்றிருந்த மனைவியை விட்டுப் பிரிந்தார். இந்தியாவில் இருந்தபோது ஆண் குழந்தை பிறந்த செய்தி கிட்டியது. குழந்தையின் பாட்டனாருக்கு 40 பொன் தீனார் அனுப்பினார். மாலத்தீவிலும் அவர் நீங்கிய பின் ஒரு மகன் பிறந்தான். சில காலம் கழித்து அம்மகனைக் காண மீண்டும் சென்றார். தம்முடன் அழைத்துச் செல்ல நினைத்தார். பின், தாயிடம் வளர்வதே அவனுக்கு நல்லது என்று கருதி ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறினார்.

சீனா வரை சென்றார். அந்நாட்டுப் பயணத்தின் சில பகுதிகளை இன்றைய ஆய்வாளர்கள் ஐயுறுவதும் உண்டு. அங்கு ஒரு நகரில், தமது ஊருக்கு அருகிலுள்ள ஸப்தாவைச் சேர்ந்த ஓர் அறிஞரைக் கண்டு, இருவரும் கண்ணீர் விட்டதாகக் கூறுகிறார். பல ஆண்டுகளுக்குப் பின், சஹாரா பாலைவனத்தின் விளிம்பிலுள்ள ஸிஜில்மாஸாவில் அவ்வறிஞரின் உடன்பிறந்தவர் வீட்டில் தங்கினாராம். ஒரு தாயின் இரு மக்கள். ஒருவர் சீனாவில், ஒருவர் பாலைவனத்தில்!

1348-ஆம் ஆண்டு திரும்பும் வழியில் டமாஸ்கஸ் வந்தார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்டது. பள்ளிவாசலில் தம் மகனைப் பற்றி விசாரித்தார். அவன் இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின என்றனர். தந்தை மகனைப் பார்த்ததில்லை. மகன் தந்தையைப் பார்த்ததில்லை. இடையில் சென்றது 40 பொற்காசு மட்டுமே. பின்னர், அவ்வூர் மதரஸா ஒன்றில் தன்ஜாவைச் சேர்ந்த ஓர் ஆலிம் தங்கியிருப்பதறிந்து சென்று தம் குடும்பத்தைப் பற்றிக் கேட்டார். தந்தையார் இறந்து பதினைந்து ஆண்டுகள் கடந்தன, தாயார் உயிருடன் இருக்கிறார் என்று அவர் கூறினார். கணக்கிட்டுப் பாருங்கள்: மகன் சிந்து நதியைக் கடந்த காலத்தை ஒட்டித் தன்ஜாவில் தந்தையின் ஜனாஸா புறப்பட்டிருக்கிறது. பதினைந்து ஆண்டுகள், உயிரோடிருப்பதாக எண்ணி அவர் துஆச் செய்துவந்திருப்பார்.

அவ்வாண்டே பெருங்கொள்ளை நோய் உலகைச் சூழ்ந்தது. டமாஸ்கஸ் மக்கள் மூன்று நாள்கள் நோன்பு நோற்று, முஸ்லிம்களும் யூதர்களும் கிறிஸ்தவர்களும் தத்தம் வேதங்களுடன் ஒன்றாகத் திரண்டு சென்று இறைஞ்சியதை அவர் கண்டார். இன்னுமொரு ஹஜ்ஜுச் செய்துவிட்டு மேற்கே விரைந்தார். மொரோக்கோ நாட்டுக்குள் தாஸா எனும் ஊரை அடைந்தபோது, தாயாரும் அக்கொள்ளை நோயில் இறந்த செய்தி எட்டியது. 24 ஆண்டுகள் காத்திருந்த தாயைச் சில மாதங்கள் முந்திக்கொண்டு மரணம் அழைத்துக்கொண்டது. 1349-ஆம் ஆண்டு நவம்பரில் ஃபாஸ் நகரை அடைந்து சுல்தானைச் சந்தித்த அவர், பிறகு சொந்த ஊர் சென்று தரிசித்தது தாயின் முகத்தை அன்று, தாயின் கப்ரை. அப்போது அவருக்கு 45 வயது. நமது வயதை ஒத்தவர்.

இதைச் சொல்வது அப்பெரியவரைக் குறைகூறுவதற்காக அன்று. அக்காலத்தில் விமானமில்லை; தொலைபேசியில்லை. இன்று கைபேசியில் முகம் பார்த்துப் பேசுகிறோம். அப்படியிருந்தும், வாப்பாவின் மையித்தை வீடியோவில் பார்த்து அழுத மகனின் குரலை இப்பள்ளியின் மையவாடியில் நின்று நாம் கேட்டிருக்கிறோம். இரண்டு மாத விடுப்பில் மணமுடித்துச் சென்று, மூன்று வயதுப் பிள்ளையை முதன்முதலாகத் தூக்கும்போது, அது பயந்து உம்மாவின் பின் ஒளிவதையும் கண்டிருக்கிறோம். அறப்போருக்குச் செல்ல அனுமதி கேட்டு வந்தவரிடம், பெற்றோர் உயிருடன் இருக்கிறார்களா என வினவி, அவர்களுக்குப் பணிவிடை செய்வதில் முயலுமாறு நபிகளார் (ஸல்) திருப்பியனுப்பினார்கள். பயணத்தின் தேவை முடிந்ததும் வீட்டாரிடம் விரைந்து திரும்புமாறும் அறிவுறுத்தினார்கள். ‘தேவை முடிந்ததும்’ என்பதுதான் கேள்வி. தேவையின் எல்லையை வகுப்பவர் யார்? சபராளியா? அல்லது ஊரில் மேலும் ஒரு மாடி கேட்கும் நாமா?

திரும்பி வந்தவருக்கு ஊர் என்ன செய்தது என்பதையும் கூறவேண்டும். பிற்காலத்தில் அவர் ஸ்பெயின் நாட்டுக் கிரனாடாவுக்கும், பாலைவனம் கடந்து மாலி நாட்டுக்கும் சென்று திரும்பினார். சுல்தான் அபூ இனான், அவர் கண்டவற்றைச் சொல்லுமாறு பணித்து, இப்னு ஜுஸய் எனும் எழுத்தரை அமர்த்தினார். 1355-ஆம் ஆண்டு டிசம்பரில் நூல் நிறைவுற்றது. அந்நூல் இல்லையெனில், மேலே நாம் கூறியவற்றுள் பெரும்பாலானவை அவருடனேயே மறைந்திருக்கும். நம்பாதவர்களும் இருந்தனர். வரலாற்றறிஞர் இப்னு கல்தூன், தாமும் ஐயுற்றதை வஸீர் ஃபாரிஸ் பின் வத்ராரிடம் கூறினார். வஸீர் ஒரு கதை சொன்னார்: சிறையிலேயே வளர்ந்த சிறுவன் ஒருவன், தான் உண்ட ஆட்டிறைச்சியைப் பற்றித் தந்தையிடம் கேட்டான். தந்தை ஆட்டை எவ்வளவு வருணித்தும், ‘எலியைப் போலவா?’ என்றே கேட்டானாம். சிறையில் அவன் கண்டது எலியை மட்டுமே. காணாததை இல்லையென்று மறுக்காதீர் என்பது வஸீரின் கருத்து.

நமது ஜமாஅத்திலும் இருபது, முப்பது ஆண்டுகள் சபரில் கழித்துத் திரும்பியவர்கள் கடைசி ஸஃப்பில் மௌனமாக அமர்ந்திருக்கிறார்கள். பணம் வந்த வரை அவர்களைத் தேடிச் சென்றோம். வந்து சேர்ந்தபின் தேடுவார் இல்லை. அவர்கள் கற்ற தொழிலும் மொழியும் பட்ட அடியும் நம் பிள்ளைகளுக்குப் பயன்பட வேண்டாமா?

ஆகவே நிர்வாகத்தாரிடமும் ஜமாஅத்தாரிடமும் நாம் வேண்டுவன நான்கு.

ஒன்று: வெளிநாடு செல்லும் வாலிபன் கப்பம் கட்டுவதுபோல் முகவருக்குப் பணம் கொடுக்குமுன், அம்முகவர் அரசிடம் பதிவு பெற்றவரா என்பதை விசாரித்துச் சொல்லவும், வேலை ஒப்பந்தத்தைப் படித்துக் காட்டவும், கடவுச்சீட்டு, விசா நகல்களைப் பள்ளியில் வைத்துக்கொள்ளவும், திரும்பி வந்தோருள் மூவரைப் பொறுப்பாக்குங்கள். செல்லும் நாட்டின் மொழியில் நூறு சொற்களாவது அவர்கள் கற்றுத் தரட்டும்.

இரண்டு: நம்மவர் வாழும் ஒவ்வொரு வெளியூரிலும், புதிதாக வருபவனை முதல் நாளிலேயே சென்று காண ஒருவரை நியமியுங்கள்.

மூன்று: குடும்பத்தார், எத்தனை ஆண்டுகள், எந்தத் தேவைக்காக என்பதைப் புறப்படுமுன்பே பேசி எழுதி வையுங்கள். அத்தேவை முடிந்ததும் ‘வா மகனே’ என்று நீங்களே அழையுங்கள். அவன் கேட்கத் தயங்குவான்.

நான்கு: திரும்பி வந்தோரின் அனுபவத்தைக் கேட்டு எழுதி, இம்மலரில் ஆண்டுதோறும் வெளியிடுங்கள். நம்மிடம் சுல்தான் இல்லை. ஆனால் எழுதத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இப்னு பதூதா ஒரு இலட்சம் கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ததாகக் கணக்கிடுகின்றனர். கடைசி ஆண்டுகளில் தம் சொந்த நாட்டில் காழியாகப் பணியாற்றி, 1368 அல்லது 1369-இல் காலமானார். உலகின் பெரும்பகுதியைக் கண்ட அவர், தம் நாட்டையே சிறந்த நாடு என்று போற்றினார். அவ்வாறு சொல்வதற்கு ஒருவர் திரும்பி வரவேண்டும். வரும்போது வரவேற்க ஊரும் உற்றாரும் இருக்கவேண்டும்.

சபரில் இருக்கும் நம் பிள்ளைகளை அல்லாஹ் நலமுடன் காத்து, ஹலாலான வருவாயையும், கடனற்ற வாழ்வையும் அளிப்பானாக! அவர்களின் தாய் தந்தையர் உயிருடனும் நலத்துடனும் இருக்கும்போதே அவர்களை வீடு கொண்டுவந்து சேர்ப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.